பொத்தான் கத்தி வாங்கலாமா?

உழவருக்கும் நெசவாளருக்கும் நாள்தோறும் துணை செய்யும் சிறு கருவி மடக்குக் கத்தி. நூல் சிப்பத்தின் சணலை அறுப்பதற்கும், வாழை நாரைக் கிழிப்பதற்கும், உரச் சாக்கின் தையலைப் பிரிப்பதற்கும் அது வேண்டும். அண்மையில் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். அங்கத்தினர் சிலர் பொத்தானை அமுக்கியதும் தானே திறந்துகொள்ளும் மலிவான கத்தி ஒன்றைக் காட்டி, இதனைச் சங்கத்தின் வாயிலாக மொத்தமாக வாங்கலாமா என்று வினவினர். காட்டியவரின் பெருவிரலில் கட்டுப் போட்டிருந்தது. மடக்கும்போது நேர்ந்த காயம் என்றும், நான்கு நாட்களாகத் தறியில் அமரவில்லை என்றும் கூறினார். ஆகவே, இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமென்று கருதினோம்.

முதலில் அதன் அமைப்பைக் காண்போம். கைப்பிடியினுள் முறுக்கேறிய ஸ்பிரிங் ஒன்று அலகை வெளியே தள்ளிய வண்ணம் இருக்கும். பொத்தானோடு இணைந்த கொக்கி அதனைத் தடுத்து நிறுத்தும். பொத்தானை அமுக்கினால் கொக்கி விலகும். அலகு வீசித் திறக்கும். திறந்த அலகு மடங்காமல் பிடித்துக் கொள்வதும் பெரும்பாலும் அக்கொக்கியே. மீண்டும் மடக்குகையில் ஸ்பிரிங்கின் விசையை எதிர்த்து விரலால் அலகைத் தள்ள வேண்டும். விரல் வழுவினால் அலகு திரும்பப் பாயும். நம் அங்கத்தினருக்கு நேர்ந்தது இதுவே.

இதனால் ஆதாயம் யாது? சாதாரணக் கத்தியைத் திறக்க மூன்று விநாடியும், இதனைத் திறக்க ஒரு விநாடியும் ஆகுமென்று கொள்வோம். நாளொன்றுக்கு இருபது முறை திறந்தாலும் மிச்சமாவது நாற்பது விநாடியே. நான்கு நாள் வேலையை இழப்பதற்கு இது ஈடாகுமா என்று அங்கத்தினர்களே எண்ணிப் பார்க்கட்டும். ஆயினும், ஒரு கை கன்றின் கயிற்றையோ மரக்கிளையையோ பற்றியிருக்க, மற்றொரு கையால் மட்டும் கத்தியைத் திறக்க வேண்டியவர்க்கு இது பயன்படும் என்பதை மறுப்பதற்கில்லை. அலகின் பக்கவாட்டில் சிறு குமிழ் வைத்து, பெருவிரலால் திறக்கும்படி செய்த கத்திகளும் உள. அவை அதே வேலையைச் செய்யும். பொத்தானும் இல்லை, பாயும் ஸ்பிரிங்கும் இல்லை.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்த்து, வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றை விலக்கியுள்ளன. ஆனால் டில்லியில் 1980 ஆம் ஆண்டு அறிவிப்பு ஒன்று, 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் உள்ள பொத்தான் கத்திகளைத் தனியே கட்டுப்படுத்தியது. பிரிட்டனில் 1959 ஆம் ஆண்டிலேயே இவற்றின் உற்பத்தியும் விற்பனையும் தடை செய்யப்பட்டன. எனவே வெளியூர்ப் பயணத்தில் இதனை மடியில் வைத்துச் செல்வது வீண் தொல்லைக்கு இடமளிக்கும்.

இனி, எந்தக் கத்தியாயினும் வாங்குமுன் சோதிக்க வேண்டியவை வருமாறு:

முதலாவது, எஃகு. கரி எஃகு எளிதில் கூர்மை பெறும். ஈரம் பட்டால் துருப் பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருத்தல் வேண்டும். மிகவும் மலிந்த சரக்கில் எஃகு மென்மையாயிருந்து விரைவில் முனை மழுங்கும். வாரந்தோறும் சாணை பிடிக்கும் கூலியையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, பூட்டு. அலகைத் திறந்து, அதன் முதுகை மரப்பலகையில் மெல்லத் தட்டுக. மடங்குமாயின் அதனைத் தொடவே வேண்டா. அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருத்தலாகாது.

மூன்றாவது, பொத்தான் கத்தியாயின், பொத்தான் தவறி அமுங்காதபடி தடுக்கும் தாழ் தனியே உள்ளதா என்று காண்க. அஃது இன்றேல், குனியும்போது பையினுள்ளேயே கத்தி திறந்துகொள்ளும் அபாயம் உண்டு.

நான்காவது, துப்புரவு. தறிக்கூடத்தின் பஞ்சுத் துகளும் வயலின் புழுதியும் பொத்தானின் துளையில் புகுந்தால் கொக்கி சரியாகப் பற்றாது. பிரித்துத் துடைத்து எண்ணெய் இட முடியாத கத்தி நம் தொழிலுக்கு உதவாது.

அந்தச் சங்கத்தார் காட்டிய கத்தியை இம்முறையில் அவர்கள் முன்னிலையிலேயே சோதித்தோம். கூர்மை போதுமானதாக இருந்தது. ஆனால் தாழ் இல்லை. பூட்டில் ஆட்டம் இருந்தது. விலை குறைவு என்பது ஒன்றே அதற்குரிய சிறப்பு. மொத்தமாக வாங்குவதற்கு உரியதன்று என்று தெரிவித்தோம். விரலில் கட்டுப் போட்டிருந்தவரே முதலில் ஆமோதித்தார்.

பூட்டு உறுதியான சாதாரண மடக்குக் கத்தியையே பெரும்பாலோர்க்குப் பரிந்துரைக்கிறோம். ஒரு கையால் திறக்க வேண்டியவர் குமிழ் வைத்ததைத் தேர்ந்துகொள்வாராக. ஒரு மாதிரியை முதலில் வாங்கி, ஒரு நெசவாளரும் ஒரு விவசாயியும் ஒரு மாதம் உபயோகித்துப் பார்த்த பின்னரே மற்றவற்றுக்கு உத்தரவு அனுப்புதல் நன்று. கத்தியை மாற்றிக் கொள்ளலாம். தறியில் நாடா எறியும் கையை மாற்றிக் கொள்ள இயலாது.