லாப்ரடார் ரெட்ரீவர்

லாப்ரடார் ரெட்ரீவர் என்பது வேட்டைத் துணை நாயினங்களுள் ஒன்று. சுடப்பட்டு விழுந்த பறவையைத் தேடியெடுத்து, சிதைக்காமல் வேட்டைக்காரரிடம் கொண்டுவந்து கொடுப்பதற்காக வளர்த்தெடுக்கப்பட்ட இனம் இது. பெயர் லாப்ரடார் என்றாலும் இதன் மூதாதையான செயின்ட் ஜான்ஸ் நாய் கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவைச் சேர்ந்தது. தூண்டிலிலிருந்து நழுவும் மீன்களையும் வலைக்கயிறுகளையும் குளிர்ந்த கடலில் நீந்திப் பிடித்து வருவது அதன் வேலை. 19ஆம் நூற்றாண்டில் கப்பல்வழியே இங்கிலாந்து சென்ற இந்நாய்களின் வழிவந்த லாப்ரடாரை, 1903இல் பிரித்தானிய கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது.

நீர் ஒட்டாத இரட்டை அடுக்கு ரோமம், விரல்களுக்கிடையே சவ்வு, நீந்தும்போது திசைதிருப்ப உதவும் தடித்த வால் (நீர்நாயின் வாலைப் போன்றது) ஆகியவை கடல்வேலையின் அடையாளங்கள். பொருளை அழுத்திக் கடிக்காமல் கவ்வும் இயல்பும் உண்டு. வீட்டில் செருப்பையும் துண்டையும் தூக்கிக்கொண்டு திரிவதும் இதனால்தான். அதைக் குறும்பு என்று அடிப்பது வீண். பந்தை வீசி எடுத்துவரச் செய்தல், ஒளித்த பொருளைத் தேடவைத்தல் போன்ற வேலைகள் தினமும் தேவை. வேலையின்றி அடைத்துவைக்கப்பட்ட லாப்ரடார் மேசைக்காலைக் கடிக்கத் தொடங்கும்.

இந்த இனத்தின் பெரிய சிக்கல் பசி. சுமார் நான்கில் ஒரு லாப்ரடாரிடம் பி.ஓ.எம்.சி. என்னும் மரபணுவில் ஒரு பகுதி இல்லை என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இந்த நாய்களுக்கு உணவின்மேல் நாட்டம் அதிகம்; எடையும் எளிதில் கூடும். தின்பண்டத்துக்காக எதையும் கற்கும் ஆர்வம் பயிற்சிக்கு உதவுகிறது. இம்மாற்றம் உதவி நாய்களிடம் கூடுதலாகக் காணப்பட்டதும் அதனால் இருக்கலாம். ஆனால் வீட்டில், பரிதாபமாகப் பார்க்கும் கண்களுக்கு இரங்கி ஊட்டுவது அதற்குக் கேடு. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுதும் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வில், 25 சதவீதம் குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. எனவே உணவை அளந்து வைக்க வேண்டும். கையால் தடவினால் விலா எலும்புகள் தட்டுப்படுவதே சரியான எடை.

இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. குட்டி வாங்குமுன் தாய், தந்தை நாய்களின் மூட்டுப் பரிசோதனை முடிவைக் கேட்பது நல்லது.

குளிர்கடலுக்கான உடல் என்பதால் தமிழ்நாட்டு வெயில் இதற்குக் கடினம். நாய்கள் பெரும்பாலும் மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணிக்கின்றன. ஓட்டப்பயிற்சியை விடியற்காலையில் முடித்துவிட்டு, பகலில் நிழலும் குடிநீரும் தர வேண்டும்.