காய்ந்த இலைக்கு நடந்த சண்டை

“செடிகளை எல்லாம் படமெடுத்து இணையத்தில் ஏற்றியாயிற்று. காய்ந்த இலைகளை இன்னும் ஏன் பூட்டிவைக்க வேண்டும்?” என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். இந்த இலைகளுக்காக விக்டோரியா காலத்து லண்டனில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது.

வரலாறு சுருக்கமாக. கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர். அவருக்கு மேலதிகாரி பொதுப்பணி அமைச்சர் ஆக்டன் ஐர்ட்டன். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் ரிச்சர்ட் ஓவன், கியூவின் உலர்தாவரத் தொகுப்பைக் குறைகூறி ஐர்ட்டனுக்கு அறிக்கை கொடுத்தார். மியூசியத்திலும் அதற்குப் போட்டியாக அப்படியொரு தொகுப்பு இருந்தது. 1872-இல் டார்வின், லயல், ஹக்ஸ்லி முதலிய விஞ்ஞானிகள் ஹூக்கருக்காகப் பிரதமர் கிளாட்ஸ்டனிடம் முறையிட்டார்கள். மறு ஆண்டு ஐர்ட்டன் வேறு பதவிக்குப் போனார். தனியொரு விஞ்ஞானி அரசை வென்ற கதையாக இதைச் சொல்வது மிகை. ஹூக்கருக்கு நாடாளுமன்றத்துக்குள்ளேயே ஜான் லப்பக் என்ற நண்பர் இருந்தார்.

சண்டையின் வேர், உலர்ந்த செடிகளை ஒட்டிவைத்த தாள்களில் இருக்கிறது. புதுச் செடிக்குப் பெயர் வைப்பவர், தாம் பார்த்த செடியின் கிளையை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிவைப்பார். பெயர் அந்த மூலமாதிரிக்கே கட்டுப்பட்டது. எடைக்கல் மாதிரிதான். கடைக்காரரின் கல்லில் சந்தேகம் வந்தால் முத்திரை ஆய்வாளரின் கல்லோடு ஒப்பிடுவோம். இரண்டு சந்தைகள் ஒரே எடைக்கு இரண்டு பெயர் சொன்னாலும் தீர்ப்பு அந்தக் கல்லிடம்தான். கல் யாரிடம் இருக்கிறதோ, அவர் வாசலில் எல்லாச் சந்தைகளும் வந்து நிற்கும். சென்னை மாகாணத் தாவரங்களைத் திரட்டிய ராபர்ட் வைட், 1871-இல் தம் தொகுப்பைக் கியூவுக்குக் கொடுத்தார். அதனால் நம் ஊர்ச் செடிகள் பலவற்றின் பெயர்த் தகராறும் அங்கேதான் போய் நிற்கிறது.

இந்தக் கல் வெந்நீரில் மலரவும் செய்யும்! நூறு வருடம் தட்டையாகக் கிடந்த பூவை நனைத்தால் இதழ்கள் இளகி விரிகின்றன. சூலகத்தை அறுத்து, அறைகள் எத்தனை, சூல்கள் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று பார்க்கலாம். படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதை அறுக்க முடியாது. 1840-களில் அழுகல் நோய் தாக்கிய உருளைக்கிழங்கு இலைகள் கியூவில் இருந்தன. அவற்றிலும் மியூனிக்கில் இருந்த இலைகளிலும் சிதைந்து கிடந்த டி.என்.ஏ. துணுக்குகளைக் கோத்து, அயர்லாந்துப் பஞ்சத்துக்கு வித்திட்ட நோய்க்கிருமியின் வகையை 2013-இல் இனங்கண்டார்கள். இலைகளைச் சேகரித்த காலத்தில் டி.என்.ஏ. என்ற பேச்சே கிடையாது.

படங்கள் பயனுள்ளவை, ஆய்வாளரின் பயணச் செலவை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் அவை தாளுக்கு மாற்று என்று சொல்வது வெறும் விளம்பரம். ஸ்கேனருக்குப் பணம் ஒதுக்கும் அரசு, ஈரமும் பூச்சியும் அண்டாத அறைக்கும், செடியை அடையாளம் காணத் தெரிந்த வல்லுநருக்கும் ஒதுக்க வேண்டும். கோவையில் உள்ள உலர்தாவரத் தொகுப்பான மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கும் இது பொருந்தும்.