தலை புடைத்த மின்தேக்கி

கணிப்பொறித் திரை ஓரிரு விநாடி ஒளிர்ந்து அணைந்துவிடுகிறதா? திரையே போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல சமயங்களில் குற்றவாளி, உள்ளே மின்வழங்கும் பலகையிலுள்ள சுண்டுவிரல் அளவு மின்தேக்கிதான். விலை சில ரூபாய்!

மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கிய பிறகும் அதில் ஏற்ற இறக்கம் இருக்கும். அழுத்தம் கூடும்போது மின்னூட்டத்தைச் சேமித்து, குறையும்போது கொடுத்து, மின்தேக்கி அதைச் சமன் செய்கிறது. அதனுள் அலுமினியத் தாள்களும், மின்பகு திரவத்தில் நனைத்த காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன. வெப்பத்தால் திரவம் நாளடைவில் வற்றும். வாயு உண்டாகித் தலை புடைக்கும். 2000-ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில், தரக்குறைவான திரவத்தினால் ஏராளமான மின்தேக்கிகள் இவ்வாறு பழுதாயின.

மாற்றும் மின்தேக்கிக்கு மைக்ரோஃபாரட் அளவு அதுவே இருக்கவேண்டும். வோல்ட் அளவு அதுவோ, சற்றுக் கூடுதலோ இருக்கலாம். 105 டிகிரி செல்சியஸ் தாங்குவதும், அகமின்தடை குறைந்ததுமான வகை நல்லது. நேர்முனை, எதிர்முனை மாறக்கூடாது.

ஓர் எச்சரிக்கை! 230 வோல்ட்டின் உச்ச அளவு 230 × 1.414, அதாவது சுமார் 325 வோல்ட். இணைப்பைத் துண்டித்த பின்னும் பலகையின் பெரிய மின்தேக்கியில் இது தங்கியிருக்கலாம், உயிரையே பறிக்கலாம். ஆகவே, திறக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். சற்று விலகி நின்று பாருங்கள். புடைத்த தலையை நீங்களே அடையாளம் காட்டலாம்.