கொவிட் மரணக் கணக்கும் 276 ஜனாஸாக்களும்

கொவிட் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் இரண்டு வாசகங்கள் தவறாமல் வருகின்றன. "வேறு நோயில் மௌத்தானவர்களையும் கொரோனா என்று எழுதி எரித்தார்கள்" என்பது நம்மவர் சொல்வது. "ஆரம்பத்தில் செத்ததில் பாதிப்பேர் உங்கள் ஆட்கள்தானே, நீங்கள்தான் பரப்பினீர்கள்" என்பது மற்றவர்கள் சொல்வது. ஹட்டன் பஸ்ஸில் ஒரே பயணத்தில் இரண்டையும் கேட்டிருக்கிறேன். கணிதம் படிப்பிக்கும் எனக்கு இரண்டிலும் ஒரே இடம்தான் இடறுகிறது. ஒரு மரணத்தை 'கொவிட் மரணம்' என்று எண்ணுவதற்கு யார், எதற்காக, என்ன விதி வைத்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

முதலில் வைத்தியர் நிரப்பும் மரணக் காரணப் பத்திரத்தைப் பார்ப்போம். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதியில் உயிர் போகக் காரணமான சங்கிலியை எழுத வேண்டும்: மூச்சுத் திணறல், அதற்குக் காரணம் நியூமோனியா, அதற்குக் காரணம் கொவிட் என்று கீழிறங்கிப் போகும். கடைசியில் நிற்பதுதான் 'அடிப்படைக் காரணம்'. நீரிழிவு, இரத்த அழுத்தம் போல மரணத்துக்குத் துணைபோன நோய்கள் இரண்டாம் பகுதியில் வரும். எழுபது வயது நீரிழிவு நோயாளி கொவிட் நியூமோனியாவில் மௌத்தானால் அது நீரிழிவு மரணமல்ல, கொவிட் மரணம். நீரிழிவோடு அவர் இன்னும் பத்து வருடம் இருந்திருக்கலாம். அதே மனிதர் பஸ் மோதி இறந்து, பிறகு எடுத்த பரிசோதனையில் கொவிட் தெரிந்தால் அது விபத்து மரணம். இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கல். வீட்டில் திடீரென்று மாரடைப்பில் போனவருக்குப் பிறகு பிசிஆர் 'பொசிட்டிவ்' வந்தால் அது எதில் சேரும்?

2020 ஏப்ரலில் உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கு ஒரு விதி வகுத்தது. தொற்று உறுதியானவரோ தொற்று இருக்கலாம் என்று கருதப்படுபவரோ, கொவிட்டோடு பொருந்தும் நோய்நிலையில் இறந்து, விபத்துப் போன்ற தெளிவான வேறு காரணம் இல்லையென்றால் அதைக் கொவிட் மரணமாக எண்ணலாம். ஐயம் வந்தால் கொவிட் பக்கம் சற்றுச் சாயச் சொல்லும் விதி இது. எண்ணிக்கைக்கு இது நியாயமானதே. தவறவிட்ட மரணங்கள் அதிகமானால் நோயின் வேகம் தெரியாமல் போய்விடும். ஒன்றிரண்டு கூடுதலாகச் சேர்ந்தால் யாருக்கும் நட்டமில்லை.

ஆனால் இலங்கையில் நட்டம் இருந்தது. அதே மாதம் 11ஆம் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர் மட்டுமல்ல, இறந்ததாகச் சந்தேகிக்கப்படுபவரின் உடலும் தகனம் செய்யப்பட வேண்டும் என்றது. அடக்கவும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. இதற்குப் பிறகு, மற்ற நாடுகளில் புள்ளிவிபரக்காரர்கள் மேசையில் வைத்து விவாதித்த "கொவிட்டாலா, கொவிட்டோடா" என்ற கேள்வி நம் வீட்டு வாசலுக்கு வந்தது. பதில் ஒரு பக்கம் போனால் குளிப்பாட்டல், கபன், தொழுகை, கப்று. மறுபக்கம் போனால் நெருப்பு. எண்ணுவதற்காகச் செய்த ஒரு பிரிவைத் தீர்ப்பாக மாற்றியதுதான் நடந்த அநியாயம் என்பது என் கருத்து. பத்திரத்தில் கொவிட் என்று எழுதிய வைத்தியர்கள் பெரும்பாலும் பொய் எழுதவில்லை. அவர்கள் எழுதியதை வைத்து அரசாங்கம் செய்ததுதான் பிழை.

மரணத்தைக் காரணத்தால் வகைப்படுத்துவது நமக்குப் புதிதல்ல. கொள்ளை நோயில் மௌத்தானவர், வயிற்று நோயில் மௌத்தானவர், நீரில் மூழ்கியவர் ஆகியோரை ஷஹீத்களின் அந்தஸ்தில் ஹதீஸ் வைக்கிறது. ஆனாலும் அவர்களைக் குளிப்பாட்டி, தொழுவித்து, அடக்கவே செய்கிறோம். வகை மாறியதால் மையித்தின் உரிமை மாறவில்லை.

இனி இரண்டாவது வாசகம். கட்டாயத் தகனத்துக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரிய 2024 ஜூலையில் சொல்லப்பட்ட எண்ணிக்கை 276 முஸ்லிம்கள். 2021 மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கம் தொடங்கும் வரை நாட்டின் மொத்தக் கொவிட் மரணம் ஐந்நூறைத் தொடவில்லை. ஆக, பாதிக்கும் மேல் நம்மவர்கள். சனத்தொகையில் நாம் ஏறக்குறைய பத்து வீதம். எண்ணை மட்டும் பார்த்தால் பயங்கரம்தான்.

ஆனால் ஒப்பிட்டது தவறான கூட்டத்தோடு. 2020 ஒக்டோபரில் பேலியகொட மீன் சந்தைக் கொத்தணிக்குப் பிறகு மரணங்கள் குவிந்தது கொழும்பு மாநகரில். மருதானை, கொம்பனித்தெரு, வாழைத்தோட்டம் என்று முஸ்லிம்கள் நெருங்கி வாழும் வட்டாரங்கள் அவை. அங்கு நடந்த மரணங்களை அம்பாந்தோட்டையும் அனுராதபுரமும் சேர்ந்த முழு நாட்டோடு ஒப்பிடக்கூடாது, அந்த நகரத்து மக்களோடு ஒப்பிட வேண்டும். வயதையும் பார்க்க வேண்டும். பரிசோதனையையும் பார்க்க வேண்டும், ஏனெனில் கொழும்பில் வீட்டில் இறந்தவர்களுக்கும் பிசிஆர் எடுத்தார்கள். எரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்து, முற்றிய பிறகு போனவர்களும் நம்மில் இருந்தார்கள். எண்ணிக்கையை வைத்து எங்களைக் குற்றம் சொன்னார்கள். அந்த எண்ணிக்கையை ஏற்றியதில் அவர்கள் போட்ட சட்டத்துக்கும் பங்குண்டு.

நோய் நாடெங்கும் பரவிய பிறகு கணக்கு மாறியதைப் பாருங்கள். மஜ்மா நகரில் ஒரு வருடத்தில் அடக்கப்பட்டவர்கள் 3,634 பேர். அதில் முஸ்லிம்கள் 2,992. அந்தக் காலத்து மொத்த மரணத்தில் இது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. பாதிக்கு மேல் இருந்தது ஐந்தில் ஒன்றானது நம் பழக்கவழக்கம் ஒரே வருடத்தில் மாறியதால் அல்ல. கொழும்பில் நின்ற நோய் மற்ற ஊர்களுக்கும் போனதால்.

அந்த 3,634இல் முஸ்லிமல்லாதவர்கள் அறுநூற்றுக்கும் அதிகம். இந்துக்கள் மட்டும் 270 பேர். மலையகத்தில் இருப்பவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. இங்கே தோட்டத்து மக்களில் பலர் தேயிலை மலையோரத்து மயானத்தில் அடக்கம் செய்பவர்களே. எரிப்புச் சட்டம் முஸ்லிம்களின் பிரச்சினை மட்டும் என்று பேசியபோது அவர்களை நாமும் சேர்த்துப் பேசியிருக்கலாம்.

தோட்டத்து மரணம் எப்படி எண்ணப்படுகிறது என்பது தனிக் கதை. லயக் காம்பிராவில் வயதான ஒருவர் இரவில் இருமி இறந்தால், வைத்தியர் பார்த்திராத மரணமாயின் ஓர் அறிக்கையோடு பதிவாளரிடம் போகும். காரணம் உறவினர் சொல்வதுதான்: "காய்ச்சல்", "இழுப்பு", "வயசு". பரிசோதனை எட்டிய இடத்தில் அதே மரணம் கொவிட். எட்டாத இடத்தில் முதுமை. ஆகவே கொழும்போடு நுவரெலியாவை ஒப்பிட்டு "எங்கள் மலையில் குளிர் காப்பாற்றியது" என்று பேசியவர்கள் ஒப்பிட்டது நோயையா, பரிசோதனை வசதியையா என்று யோசிக்க வேண்டும்.

நாடுகளை ஒப்பிடும்போதும் இதே கதைதான். 2020 ஓகஸ்ட் 12ஆம் திகதி பிரிட்டனின் மரண எண்ணிக்கையில் ஒரே நாளில் 5,000க்கும் மேல் குறைந்தது. யாரும் உயிர்த்தெழவில்லை. தொற்று உறுதியாகி 28 நாட்களுக்குள் இறந்தவர்களை மட்டும் எண்ணுவது என்று விதியை மாற்றினார்கள். பெருவில் 2021 மே இறுதியில் 69,000ஆக இருந்த எண்ணிக்கை மீளாய்வுக்குப் பிறகு 1,80,000 ஆனது.

இதற்கெல்லாம் மாற்றாக ஒரு வழி உண்டு. காரணத்தை விட்டுவிட்டு, வழமையாக ஒரு வருடத்தில் எத்தனை பேர் இறப்பார்கள், இந்த வருடம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கழித்துப் பார்ப்பது. 'மேலதிக மரணம்' என்பார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மே மாதம் இப்படிக் கணித்தபோது, இரண்டு வருடங்களுக்கும் நாடுகள் அறிவித்த 54 இலட்சம் ஏறக்குறைய 149 இலட்சம் ஆனது. இந்தியாவுக்கு மட்டும் 47 இலட்சம். அந்நாடு அறிவித்ததைப்போல பத்து மடங்கு. இந்தியா அதை ஏற்கவில்லை.

நம் நாட்டில் பதிவான எல்லா மரணங்களும் 2019இல் ஏறக்குறைய 1,46,000. 2020இல் 1,32,000ஆகக் குறைந்தது. ஊரடங்கில் வாகனம் ஓடவில்லை, மற்றக் காய்ச்சல்களும் பரவவில்லை, பதிவும் தாமதமானது. 2021இல் 1,64,000. 2019ஐவிட 18,000 கூட. அந்த வருடம் அறிவிக்கப்பட்ட கொவிட் மரணம் 15,000க்குச் சற்றுக் குறைவு. முன்வருடத்தில் பதியாமல் விட்டதும் இதில் சேர்ந்திருக்கும் என்பதால் இடைவெளி இன்னும் சுருங்கலாம். இந்தக் கணக்கு பிசிஆரையும் கேட்காது, மார்க்கத்தையும் கேட்காது. இதை வைத்துப் பார்த்தால், "எல்லாம் பொய்க் கொரோனா" என்ற நம்மவர் வாதம் நிற்காது. பல ஆயிரம் பேர் உண்மையாகவே கூடுதலாக இறந்திருக்கிறார்கள்.

1918ஆம் ஆண்டு இன்புளுவென்சாவுக்கும் இதே வழியில்தான் பின்னாளில் கணக்குப் பார்த்தார்கள். குடிசன மதிப்பீட்டை வைத்துச் செய்த ஆய்வொன்று இலங்கையின் இழப்பை மூன்று இலட்சத்துக்கும் மேல், அதாவது மக்களில் 6.7 வீதம் என்கிறது. நோய் நுழைந்த வாசல்கள் இரண்டு: கொழும்பும் தலைமன்னாரும். இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த துறை தலைமன்னார். தோட்டத்துக்கு ஆள் வந்த வழியும் அதுதான்.

ஆனால் மொத்தக் கணக்கு 276 குடும்பங்களுக்குப் பதிலாகாது. அவர்களின் கேள்வி வேறு: எங்கள் வாப்பாவின் பத்திரத்தில் கொவிட் எந்தப் பகுதியில் எழுதப்பட்டது, முதலாம் பகுதியிலா, இரண்டாம் பகுதியிலா, அல்லது வெறும் சந்தேகமா? மரணச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். ஒவ்வொரு வகையிலும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சுகாதார அமைச்சிடம் கேட்கலாம். பெயர்கள் தேவையில்லை, மூன்று எண்கள் போதும்.