என்ன வாங்கினீர்கள்?

"வாங்கு" என்பது மூன்றெழுத்துச் சொல். தினமும் பேசுகிறோம். அதன் பொருள் என்ன? "கடையில் காசு கொடுத்துப் பெறுவது" என்று சொல்வீர்கள். சரிதான். இப்போது இந்த வாக்கியங்களைப் படியுங்கள்.

அக்கா கடையில் அரிசி வாங்கினார்.
அண்ணன் கூலி வாங்கினார்.
மாமா கடன் வாங்கினார்.
தம்பி அப்பாவிடம் அடி வாங்கினான்.
தாத்தா ஜெட்டியில் காற்று வாங்கினார்.
பாட்டிக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது.

ஆறு வாக்கியங்கள். சொல் ஒன்றுதான். பொருள் ஒன்றா?

அரிசிக்கு அக்கா காசு கொடுத்தார். கூலிக்கு அண்ணன் உழைப்பைக் கொடுத்தார். மாமா கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தம்பி அடியைக் கேட்டு வாங்கவில்லை. காற்றுக்கு விலையே கிடையாது. மூச்சு வாங்குவது என்றால் இளைப்பது.

இந்தப் பொருளை எல்லாம் நமக்குக் காட்டுவது எது? பக்கத்தில் நிற்கும் சொல்.

வேறு மொழிகளிலும் இப்படித்தான். நம் கேம்பல் பேயில் 1969 முதல் முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்கள் குடியேறின. பஞ்சாபி, மராத்தி, தெலுங்கு, மலையாளம், தமிழ் எனப் பல மொழி பேசுவோர் வந்தார்கள். எல்லாருக்கும் பொதுவாக இந்தி இருக்கிறது. "அடி வாங்கினான்" என்பதை இந்தியில் "மார் காயீ" என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், "அடி தின்றான்". காற்று வாங்குவது "ஹவா கானா". அதாவது, காற்றைத் தின்பது! நமக்குச் சிரிப்பு வருகிறது. அவர்களோ, "காற்றை என்ன விலைக்கு வாங்கினீர்கள்?" என்று நம்மைக் கேட்கலாம்.

இனி ஒரு காகிதத்தைப் பார்ப்போம்.

"5,000 ரூபாய் கூலியாக வாங்கினேன்."
"5,000 ரூபாய் கடனாக வாங்கினேன்."

தொகை ஒன்று. வினைச்சொல்லும் ஒன்று. முதல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் கணக்கு முடிந்தது. இரண்டாவதில் போட்டால் கணக்கு தொடங்குகிறது! கைநாட்டு வைக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. இன்று நீங்கள் படிக்கிறீர்கள். "வாங்கினேன்" என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது? விரல் வைத்துப் படியுங்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருந்தாலும் அப்படியே செய்யுங்கள். பணம் கைக்கு வரட்டும். எண்ணிப் பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொரு "வாங்கு" இருக்கிறது. அது உயிர் காக்கும் சொல்.

பழைய தமிழில் "வாங்கு" என்றால் இழு, வளை என்றும் பொருள். "வீரன் வில்லை வாங்கினான்" என்றால் வில்லை வளைத்தான் என்று அர்த்தம். கடைக்குப் போகவில்லை! அந்தப் பழைய பொருள் இன்னும் நம் பேச்சில் இருக்கிறது. "கடல் உள்வாங்குகிறது" என்கிறோம். கடல் தன் தண்ணீரை உள்ளே இழுக்கிறது என்று பொருள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.30 மணி அளவில் சுமத்ரா அருகே கடலுக்கு அடியில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. சுனாமி வந்தது. நம் தீவின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் சுமார் 4 மீட்டர் தாழ்ந்தது. அங்குள்ள கலங்கரை விளக்கத்தைக் கடல் சூழ்ந்தது. அன்று சில நாட்டுக் கரைகளில் அலைக்கு முன் கடல் உள்வாங்கியது. தரை தெரிந்தது. மக்கள் வேடிக்கை பார்க்க இறங்கினார்கள். இழுத்த தண்ணீர் சில நிமிடங்களில் பெரிய அலையாகத் திரும்பி வந்தது.

ஆகவே "கடல் உள்வாங்குகிறது" என்று யாராவது சொன்னால், நின்று பார்க்காதீர்கள். மேட்டுக்கு ஓடுங்கள். எல்லா இடத்திலும் கடல் முதலில் உள்வாங்காது. அதனால் நிலம் பலமாக, வெகுநேரம் ஆடினாலே மேட்டுக்குப் போய்விடுங்கள். ஒரு அலையோடு நிற்காது, அடுத்தடுத்து வரும். அதிகாரிகள் சொல்லும்வரை கீழே இறங்க வேண்டாம்.

சொல் சின்னது. அதன் பொருளைப் பக்கத்துச் சொல்லோடு சேர்த்துப் படிப்போம்.

செய்து பாருங்கள்

1. கீழே உள்ள வாக்கியங்களில் "பிடி" என்ற சொல்லுக்கு என்ன பொருள்? குழுவில் பேசுங்கள்.
மாமா மீன் பிடித்தார். அத்தை கப்பலைப் பிடிக்க ஓடினார். குழந்தைக்குச் சளி பிடித்தது. எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கும்.

2. "போடு" என்ற சொல்லை வைத்து ஐந்து வாக்கியங்கள் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் பொருள் வேறாக இருக்கட்டும்.