எல்லை தெரியாத கண்

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் விளவங்கோடு தாலுகா, அந்தப் பக்கம் கேரளத்தின் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-இல் நடுவே மாநில எல்லை விழுந்தது. மண் இன்றும் ஒன்றுதான். மேட்டில் ரப்பர், தென்னை, மரச்சீனி. பள்ளத்தில் நெல் விளையும் ஏலா. வயலுக்கான சட்டம்தான் வேறு.

ஏலா ஒரே நாளில் அழிவதில்லை. முதலில் ஒரு பூ, அதாவது ஒரு போகம், தரிசாகக் கிடக்கும். பிறகு வாழை, அதன்பின் தென்னம்பிள்ளை. கடைசியில் டிப்பர் லாரிகள் மண் அடிக்கும். வழக்கு வரும்போது, ‘இது எப்போதுமே தோப்புதான்’ என்று சாதிப்பார்கள். 1970-களின் நடுவில் கேரளத்தில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 2 லட்சம்.

‘எப்போதுமே தோப்புதான்’ என்ற சாதிப்புக்குப் பதில் சொல்லத்தான் கேரளத்தில் 2008-இன் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒவ்வொரு பஞ்சாயத்தின் வயல்களும் தரவு வங்கி என்ற பதிவேட்டில் ஏற வேண்டும் என்றது அது. தன் நிலம் அதில் தவறாகச் சேர்ந்துவிட்டது என்பவர் கோட்ட வருவாய் அதிகாரியிடம் மனுச் செய்யலாம். சிக்கலான மனுக்களில் திருவனந்தபுரத்திலுள்ள மாநிலத் தொலையுணர்வு, சுற்றுச்சூழல் மையத்தின் அறிக்கை கேட்கப்படுகிறது: 2008-இல் அந்த நிலம் எப்படி இருந்தது என்று பழைய செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சொல்லும் அறிக்கை. கேரள உயர் நீதிமன்றமும் பல வழக்குகளில் அதை வரவழைக்கச் சொல்லியிருக்கிறது.

படம் பொய் சொல்லாது. ஆனால் படிக்கத் தெரிய வேண்டும். பச்சை இலை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் விழுங்கிவிடும். அந்த ஒளியைப் படத்தில் சிவப்பாகக் காட்டுவார்கள். அதனால் நாற்று நட்ட வயல் கறுப்பாகத் தொடங்கி, பயிர் வளர வளரச் சிவந்து, அறுப்புக்குப் பின் வெளுக்கும். தென்னை ஆண்டு முழுதும் ஒரே சிவப்பு. ரப்பர் டிசம்பருக்குப் பின் இலையுதிர்த்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். தென்மேற்குப் பருவமழை மேகத்தில் முதல் போகமான கன்னிப்பூ மறைந்துபோகும். இரண்டாம் போகமான கும்பப்பூ அறுக்கும் ஜனவரி, பிப்ரவரியில்தான் வானம் தெளிவாகக் கிடைக்கும்.

இன்னொரு சிக்கல் சென்ட் கணக்கு. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி 30 மீட்டர் சதுரம், அதாவது 22 சென்ட். வேறு நிலமில்லாத வயல்காரர் வீடு கட்டிக்கொள்ள கேரளச் சட்டம் பஞ்சாயத்தில் விடும் அளவோ 10 சென்ட். அப்படி இரண்டு மனைகளைச் சேர்த்தாலும் அந்தப் படத்தின் ஒரு புள்ளி அளவுகூட வராது. 2015 முதல் கிடைக்கும் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி இரண்டரை சென்ட். அப்போதும் தென்னோலைக்கு அடியில் இருக்கும் கூரை தெரியாது. நேரில் போய்ப் பார்க்காத அறிக்கையை நான் நம்ப மாட்டேன்.

எல்லைக்கு இந்தப் பக்கம் இப்படியொரு தரவு வங்கியே இல்லை. 2020-இல் தமிழ்நாடு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரிப் படுகைக்கானது. விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி இங்கே உண்டு. ஆனால் ஏலா ஏலாவாக, யாரும் பார்க்கும்படி ஒரு பதிவேடு இல்லை. ஒரே ஓடையின் மேல்பக்க வயல் ஒரு மாநிலத்தில் கணக்கில் இருக்க, கீழ்ப்பக்க வயல் அடுத்த மாநிலத்தில் கணக்கே இல்லாமல் நிரம்பினால், மழைத் தண்ணீர் எங்கே போகும்?

விளவங்கோட்டுக்கு இன்னொரு காயமும் உண்டு. கேரளத்து நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் இங்கே 9,200 ஏக்கருக்குப் பாய வேண்டியது. 2004-இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. தண்ணீர் நின்ற பின் அந்த ஏக்கர்களில் எத்தனை இன்னும் வயல், எத்தனை ரப்பர், எத்தனை வீட்டுமனை? வழக்குக்கும் உதவும் கேள்வி இது. விடைக்கான படங்கள் நம்மிடமே இருக்கின்றன. 1995-இல் ஏவிய இந்தியச் செயற்கைக்கோள் ஐஆர்எஸ்-1சி எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு புள்ளி ஒரு சென்டுக்கும் குறைவு. கால்வாய் ஓடிய காலத்துப் படத்தையும் இன்றைய படத்தையும் சர்வே எண்களோடு பொருத்தி, ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலகச் சுவரிலும் மாவட்ட நிர்வாகம் ஒட்டட்டும். பஞ்சாயத்துக்கு ஒரு விவசாயக் குழு அதைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து சரிபார்க்கட்டும்.