ஆட்டத்தைச் சூழ்ந்த நிகழ்ச்சி: நேரலைக் கிரிக்கெட்டும் தமிழ்ப் பார்வையாளரும்

இந்திய அணி ஆடும் ஒருநாள் போட்டியைக் காட்டேரிக்குப்பத்தில் தூர்தர்ஷனின் இலவச டிஷ் வழியே காணும் வீடும், கட்டணம் செலுத்தி விளையாட்டு அலைவரிசை பெறும் வீடும் ஒரே பந்தைத்தான் பார்க்கின்றன. ஆட்டத்திற்கு முன்னும் இடைவேளையிலும் பின்னும் அவை பார்ப்பவை வேறு. இவ்வேறுபாட்டில் சட்டத்திற்கும் பங்குண்டு என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

முன்னோட்டம், இடைவேளை அலசல், பிந்தைய உரையாடல், மழையால் நீளும் பேச்சு ஆகியவற்றை இங்குச் ‘சூழ் நிகழ்ச்சி’ எனக் குறிக்கலாம். 2003 உலகக் கோப்பையின்போது செட் மேக்ஸ் ஒளிபரப்பிய, மந்திரா பேடி பங்கேற்ற ‘எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ்’ இதற்குத் தனி அடையாளம் தந்தது. கிரிக்கெட் அறியாதவரையும் தொலைக்காட்சிமுன் அமர்த்துவதே அதன் நோக்கம். அது தமிழில் பேசவில்லை. 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் தொடங்கப்பட்ட பின்னரே ஸ்ரீகாந்த், பத்ரிநாத் போன்றோர் அரங்கில் அமர்ந்து தமிழில் அலசுவது வழக்கமாயிற்று. வருணனையாளருக்கு இரு பந்துகளுக்கு இடைப்பட்ட நொடிகளே உண்டு. அரங்கில் அந்நெருக்கடி இல்லை. காட்சியை நிறுத்தி, மட்டையாளரின் கால் ஏன் தவறான இடத்திற்குச் சென்றது என்று அன்றாடத் தமிழில் விளக்க முடிகிறது. விளையாட்டுத் தமிழ் வருணனையைவிட இங்குத்தான் நிதானமாக உருவாகிறது என்பது என் கணிப்பு.

2007ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சமிக்ஞைச் சட்டம், தேசிய முக்கியத்துவமுடையவையென அறிவிக்கப்பட்ட போட்டிகளின் நேரலைச் சமிக்ஞையை, விளம்பரங்களை நீக்கி, பிரசார் பாரதியுடன் பகிரக் கட்டாயப்படுத்துகிறது. தொலைக்காட்சி விளம்பர வருவாயில் குறைந்தது முக்கால் பங்கு உரிமையாளருக்கே. பகிரப்பட வேண்டியது ஆட்டம்; அலைவரிசை தன் அரங்கில் தயாரிக்கும் உரையாடல் அன்று. தூர்தர்ஷன் ‘ஃபோர்த் அம்பயர்’ போன்ற நிகழ்ச்சியைத் தானே தயாரிக்க நேர்ந்ததை இதனோடு சேர்த்தே நோக்க வேண்டும்.

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு வரையறை செய்தது: பகிரப்பட்ட சமிக்ஞை தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் இலவச டிஷ்ஷிலும் மட்டுமே செல்லலாம், தனியார் கேபிளில் செல்லலாகாது. எனவே கேபிளுக்கு மாதச் சந்தா கட்டியும் விளையாட்டு அலைவரிசை வாங்காத வீடு, இலவச டிஷ் வீட்டிற்குக் கிட்டும் ஆட்டத்தையும் இழக்கிறது. தமிழ்ச் சூழ் நிகழ்ச்சி மிக விரிவாக அமையும் ஐபிஎல் தொடரோ அப்பட்டியலிலேயே இடம்பெறவில்லை.